பிரம்பும் கோலும்

திருமங்கலத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வேதக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப்பற்றி இருவகைப் பேச்சு வழங்குகின்றது. ஒன்று புகழ்ச்சி: ‘அவர்கள் கண்டித்து வளர்ப்பவர்கள், அதனால் அவர்கள் பிள்ளைகள் அடங்கி நடக்கும்.’ மற்றொன்று இகழ்ச்சி: ‘பிள்ளையை அடிக்கும்படி அவர்கள் வேதமே சொல்கிறதாம்.’ இகழ்ச்சியைக் கேட்டு நம்மவர் சினங்கொள்கின்றனர். புகழ்ச்சியைக் கேட்டு மகிழ்ந்து தலையசைக்கின்றனர். இவ்விரண்டனுள் நமக்குப் பெருந்தீங்கு விளைப்பது புகழ்ச்சியே என்பது என் துணிபு.

முதற்கண் பிரம்பின் பிறப்பிடத்தை ஆராய்வோம். அமெரிக்க மிஷனார் மதுரையில் பணி தொடங்கியது 1834-இல். திருமங்கலத்தில் விடுதிப் பள்ளி ஏற்படுத்தியது 1842-இல். அப்பள்ளி 1845-இல் பசுமலைக்கு மாறிற்று. அவர்கள் வருமுன் இந்நாட்டிற் பிள்ளைகள் அடிபடவில்லையா? திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோதண்டத்தை நம் பாட்டனார்கள் கதையாகச் சொல்லியிருப்பர். கைகளைக் கயிற்றிற் பிணித்துப் பிள்ளையை மேலே தொங்கவிடும் தண்டனை அது. ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியை எந்தப் பாதிரியாரும் கப்பலேற்றிக் கொண்டுவந்தாரல்லர். பிள்ளையைச் சேர்க்க வருந் தந்தை, ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா’ என்று ஆசிரியரிடம் சொல்லுதல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழக்கு. நாம் செய்த புதுமை ஒன்றே. முன்னோர் கையிலிருந்த கம்புக்கு வேதவசனத்தைப் பிடியாக அமைத்துக் கொண்டோம்.

மேனாட்டுக் கிறிஸ்தவரும் இதில் ஒருமனப்பட்டவரல்லர். ஜான் உவெஸ்லியின் தாயார் சூசன்னா அம்மையார் 1732-இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தம் மக்கள் ஓராண்டு நிரம்பும்போதே பிரம்புக்கு அஞ்சவும் மெல்ல அழவும் பழக்கப்பட்டனர் என்கிறார். (மெல்ல அழுதல்! அச்சொற்றொடரை என்னால் எளிதிற் கடந்துசெல்லக் கூடவில்லை.) ஆனால் மதுரைக்கு மிஷனரிகளை அனுப்பிய சங்கம் பெரிதுஞ் சார்ந்திருந்த காங்கிரிகேஷனல் சபையிலேயே வேறொரு குரலும் எழுந்தது. ஹார்ட்போர்டு நகரத்துக் குருவானவர் ஹொரேஸ் புஷ்நெல் ஐயர் 1847-இல் வெளியிட்ட ‘கிறிஸ்தவ வளர்ப்பு’ என்னும் நூலில், பிள்ளை தொடக்கமுதலே கிறிஸ்தவனாக வளர வேண்டுமென்றும், வீட்டின் அன்றாட வாழ்க்கையே அவனை உருவாக்குமென்றும் வாதித்தார். அந்தக் குரல் நம் பக்கத்துக்கு ஏனோ அதிகம் எட்டவில்லை.

தமிழ் பயில்வோனாதலால் ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது நின்று பேச விரும்புகின்றேன். நாம் ஆலயத்தில் வாசிக்கும் வேதாகமத்தில், இருபத்துமூன்றாம் சங்கீதத்து மேய்ப்பன் கையிலிருப்பது கோல். அது ஆட்டைத் தேற்றுவது. நாற்பத்தைந்தாம் சங்கீதத்து அரசனுக்குரியது செங்கோல். அது நீதியைக் குறிப்பது. நீதிமொழிகள் பதின்மூன்றாம் அதிகாரத்துத் தந்தைக்குரியதோ பிரம்பு. எபிரேய மூலத்தில் இம்மூன்றும் ‘ஷேபெத்’ என்னும் ஒரே சொல். தமிழிலே பிரம்பு என்றவுடன் பள்ளி ஆசிரியர் மேசையும் சிவந்த உள்ளங்கையும் நினைவுக்கு வருகின்றன. கோல் என்றால் வருவதில்லை. சிட்சை என்பதும் இத்தகையதே. வடமொழியில் ‘சிக்ஷா’ என்றால் கற்பித்தல், பயிற்சி. நம் வீடுகளில் அதற்கு அடி என்பதொன்றே பொருளாயிற்று.

இதனால் அடிக்கும் பேச்சே வேதத்தில் இல்லையெனச் சாதிப்பது நேர்மையன்று. நீதிமொழிகள் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் அதே சொல் அடிக்குங் கருவியையே குறிக்கிறது. ஆயின் உபாகமம் இருபத்தோராம் அதிகாரம் அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லவும் பணிக்கின்றது. அதனைக் கைக்கொண்ட தந்தை நம் சபைகளில் எவருமில்லர். ‘அது அக்காலத்துக்குரியது’ என்று தள்ளிவிடுகின்றோம். அங்ஙனமாயின் பிரம்பை மட்டும் எக்காலத்துக்கும் உரிய கட்டளையாகப் போற்றுவதேன்? கைக்கு எளிதாக இருப்பதனாலேயே என்றுதான் எனக்குத் தோன்றுகின்றது. எபேசியர் நிருபத்தில் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைச் சொன்ன பவுல் அடிகள், அதே மூச்சில் தகப்பன்மாரை நோக்கிப் பிள்ளைகளைக் கோபப்படுத்தலாகாதென எச்சரிக்கின்றார். முன்னதை மனப்பாடஞ் செய்யாத ஞாயிறு பள்ளி மாணவன் இல்லை. பின்னதைத் தகப்பன்மார் மனப்பாடஞ் செய்து கேட்டதில்லை.

நம் நாட்டுச் சான்றோர் நெறியேனும் இதற்கு இடங்கொடுக்கின்றதோவெனின், வள்ளுவனார் மக்கட்பேற்றில் வைத்த பத்துக் குறளிலும் அடியென்னும் பேச்சில்லை. குழந்தையின் தீண்டல், மழலை, கூழை அளாவிய சிறுகை, தந்தை அதனை அவையில் முற்படச் செய்தல் இவையே அங்குள்ளன.

இனிப் புகழ்ச்சியின் தீங்கைச் சொல்லுவேன். ஆராதனை முடியுமளவும் அசையாதிருக்குங் குழந்தையைக் கண்டு, ‘நல்ல வளர்ப்பு’ என்கின்றோம். அது பக்தியோ அச்சமோவென வினவினார் யார்? பெரியோர் செய்வது எதுவாயினும் வாய்திறவாதிருக்கப் பழகிய குழந்தை, ஒரு பெரியவர் தனக்குத் தீங்கிழைத்த நாளிலும் வாய்திறவாது. நம் வீடுகளுக்கு ஊரார் தரும் நற்பெயர் இத்தகைய மௌனத்தை விலையாகக் கொண்டதாயின், அப்பெயர் நமக்கு வேண்டுவதன்று.

சட்டத்தைப்பற்றி அதிகம் விரிக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003-இல் பள்ளியிற் பிரம்பை விலக்கின; 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அதனையே வலியுறுத்திற்று. அச்சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளுக்குப் பொருந்தாதென 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததுண்டு. அத்தீர்ப்பைப் பிரம்புக்கு அரணாக்குவார் நம்முள் ஒருவரும் இருத்தலாகாது. வீட்டினுள்ளும் அடியை விலக்கிச் சுவீடன் நாடு 1979-இலேயே சட்டமியற்றியது. நம் வீட்டு வாயிலை அத்தகைய சட்டம் எட்டுமுன் சபையார் எட்டலாம்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபைமுன் வாக்குக் கொடுக்கின்றனர். அவ்வேளையில் எபேசியர் ஆறாம் அதிகாரத்து நான்காம் வசனத்தைத் தந்தையே எழுந்து உரக்க வாசிக்கும்படி குருவானவர்கள் ஏற்பாடு செய்யட்டும். ஞாயிறு பள்ளி மேசைமேற் பிரம்பு கிடக்குமாயின் அன்றே அதனை எடுத்துவிடட்டும்.