கை நடுங்கினால் குடியா?

மன்னார்புரத்தில் நாங்கள் கூடுகிற அறை முதல் மாடியில் இருந்தது. அங்கே உட்கார்ந்து இடஒதுக்கீடு பேசியிருக்கிறோம், வன்கொடுமை வழக்குகளுக்கு மனு எழுதியிருக்கிறோம், ஏப்ரல் 14-க்குச் சுவரொட்டிகள் எண்ணிக் கட்டியிருக்கிறோம். அந்த அறைக்கு யாரால் வர முடியும், யாரால் முடியாது என்று ஒருநாளும் பேசியதில்லை.

பேச வைத்தவர் எங்கள் மூத்த தோழர் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தூய்மைப் பணியில் இருந்தவர். அன்றைக்குப் படிகளை மெதுவாக ஏறிவிட்டார். மேலே வந்து, குறுகலான வாசலைத் தாண்டும்போதுதான் கால் நின்றுவிட்டது. தரையில் ஆணி அடித்தது போல. உள்ளேயிருந்து எல்லோரும் “வாங்கய்யா, வாங்கய்யா” என்று கூப்பிடுகிறோம். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பின்னால் வந்த தம்பி ஒருவன், “ஐயா இன்னைக்குக் காலையிலேயே போட்டுட்டாரு போல” என்று மெதுவாகச் சொன்னான். நாங்களும் சிரித்தோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அது குடி அல்ல, பார்க்கின்சன். நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் உடல் இறுகும், அசைவு குறையும், கை நடுங்கும். வாசலிலும் திரும்புகிற இடத்திலும் கால் உறையும். ஆனால் படி ஏறுவது பலருக்குச் சுலபம். ஒவ்வொரு படியின் விளிம்பும் காலுக்கு ஒரு குறி. இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அதற்கு முன்பே மூன்று ஆண்டுகளாக அவருக்கு நோய் இருந்திருக்கிறது. கை நடுங்கியதற்கு மேஸ்திரி வைத்த பெயர் குடி. முகத்தசை இறுகிச் சிரிப்பு வராமல் போனதற்குத் தெருவில் வைத்த பெயர் திமிர். நம் ஆட்களின் உடம்பைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. புதிதாக எந்த அறிகுறி வந்தாலும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளும். இதே நடுக்கம் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரிக்கு வந்திருந்தால் அடுத்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போயிருப்பார்.

இன்னொன்றும் நடந்தது. அவர் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவர் அப்பாவுக்குக் கைநாட்டு. பார்க்கின்சன் வந்தால் எழுத்து எறும்பு போலச் சிறுத்துவிடும். ஓய்வூதியக் கணக்கு வைத்திருந்த இடத்தில், பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மை டப்பாவை நீட்டியிருக்கிறார்கள். “அப்பன் வச்ச இடத்துக்கே என்னையும் கொண்டாந்துட்டாங்க” என்றார். நோயைப் பற்றி அவர் எங்களிடம் சொன்ன ஒரே புகார் அதுதான்.

இந்த நோயை 1817-இல் முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். ஆறு பேரை வைத்து எழுதினார். அவர்களில் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள். மாணவத் தோழர்களுக்கு இன்னொரு தகவல்: அவர் ‘ஓல்டு ஹூபர்ட்’ என்ற புனைபெயரில் அரசுக்கு எதிராகத் துண்டறிக்கைகள் எழுதியவர், உழைக்கிறவனுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றவர். 1794-இல் அரசரைக் கொல்லச் சதி என்று போடப்பட்ட ஒரு வழக்கில் அவரை அழைத்து விசாரித்தார்கள். நோயின் பெயரில் இருப்பவர் நம் வகை ஆள்தான்.

நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. லெவோடோபா மாத்திரை அறிகுறிகளைக் கட்டுப்படுத்துகிறது. அதோடு சேர்த்து மருத்துவர்கள் வற்புறுத்துவது உடற்பயிற்சி. சும்மா ஆறுதலுக்குச் சொல்வதல்ல. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இன்னும் மருந்து தொடங்காத 128 பேரை எடுத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், மூச்சு வாங்க டிரெட்மில்லில் நடந்தவர்களின் அசைவுக் குறைபாடு ஆறு மாதத்தில் ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்குக் கூடியது. நோயே நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் இருக்கிற நாட்களில் தானே எழுந்து, தானே குளித்து, தானே சட்டை போட முடிகிறதா என்பது சின்ன விஷயமா?

இதைச் சொன்னால் நம் தெருவில் வருகிற முதல் கேள்வி: “வாழ்நாள் முழுக்க உழைச்ச ஆளுக்கு என்னத்துக்கு எக்சர்சைஸ்?” கேள்வி நியாயமானது, பதில்தான் வேறு. குனிந்து கூட்டுவதும் ஒரே தோளில் சுமப்பதும் உடம்பைத் தேய்த்த வேலை. இந்த நோய்க்கு வேண்டியது எட்டி வைக்கிற பெரிய அடி, அகல விரிகிற கை, நிமிர்ந்த முதுகு, சமநிலை, உரத்த குரல். ஆம், குரலும் தேய்ந்துபோகும். சத்தமாகப் பேசுவதே ஒரு பயிற்சி. ஊர்த்தெருவில் குனிந்து நட, குரலைத் தாழ்த்து என்று பழக்கப்பட்ட ஒரு தலைமுறையிடம் போய் இப்போது நெஞ்சை நிமிர்த்திக் கத்துங்கள் என்கிறோம். முதல் வாரம் எங்கள் தோழருக்குக் கத்த வரவே இல்லை. அதில் நோய் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று எந்த மருத்துவர் பிரித்துச் சொல்வார்?

பயிற்சி செய்ய இடமும் நேரமும் வேண்டும். காலையில் காஜாமலைப் பக்கம் ரேஸ்கோர்ஸ் சாலையில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். தூய்மைப் பணியாளருக்கு அது வேலை நேரம். தனியார் பிசியோதெரபிக்கு ஒவ்வொரு தடவையும் பணம். மாத்திரைக்கும் கடிகாரம் இருக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் உடம்பு பூட்டிக்கொள்ளும். மருத்துவமனை வரிசையிலேயே மாத்திரை நேரம் தாண்டிவிட்டால், மருத்துவர் முன் போய் நிற்கும்போது பேச்சே வராது. கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. 1995 சட்டத்தில் அது இல்லை. தமிழ்நாட்டில் இவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வர வேண்டும். நல்ல திட்டம், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் தெருவில் கேட்டுப் பாருங்கள்: சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரியும், பிசியோதெரபிக்குக் கேட்கலாம் என்று தெரியாது. இன்னொரு சிக்கல் சான்றிதழ். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் போனால் ஆள் நன்றாக நடப்பார், சதவீதம் குறையும். மாத்திரை இறங்கும்போது எப்படி இருப்பார் என்பதை யாராவது எழுதி, நேரம் குறித்து, கூடவே போய்ச் சொல்ல வேண்டும்.

காரணம் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஒருவருக்கு இது ஏன் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பூச்சிமருந்தோடு தொடர்பு இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. குறிப்பாகப் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 2007 முதல் இல்லை. கேரளம் 2011-இல் தடை செய்தது. பிரான்ஸ் 2012-இல், பூச்சிமருந்தோடு வேலை செய்த விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீடு கொடுக்கிறது. நம் காவிரிப் பாசன வயல்களில் கையுறை இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதுகில் ஸ்பிரேயர் சுமப்பது யார்? நிலத்துக்காரரா?

“சுடுகாட்டுக்கே பாதை இல்லை, இதுல பார்க்கின்சனா?” என்று நம் தோழர்களே கேட்டார்கள். பாதைக்காக முன்வரிசையில் நின்றவர்தான் இப்போது வாசலில் உறைந்து நிற்கிறார் என்பதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை.

கூடும் இடத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினோம். வாசலில் மஞ்சள் டேப் ஒட்டினோம், ஒரு முழத்துக்கு ஒரு கோடு. கோட்டைத் தாண்டுகிற நினைப்பில் கால் கிளம்பிவிடுகிறது. ஞாயிறு காலையில் நான்கு பேர் வருகிறார்கள். பிசியோதெரபி படிக்கிற தங்கை ஒருத்தி சொல்லித் தருகிறாள். சீரான தாளம் கேட்டால் அடி நீளும் என்பது 1990-களிலேயே ஆய்வில் தெரிந்த விஷயம். நியூயார்க்கின் புரூக்ளினில் 2001 முதல் மார்க் மோரிஸ் நடனக் குழு இந்த நோயாளிகளுக்கு நடன வகுப்பே நடத்துகிறது. நம்மிடம் பறை இருக்கிறதே என்று மாணவர்கள் உற்சாகமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு தாத்தா எழுந்து போய்விட்டார். ஊர்ச் சாவுக்கெல்லாம் கட்டாயத்தில் அடித்தவர். “அந்தச் சத்தத்துக்கு நான் நடந்தது போதும்” என்றார். பறை விடுதலையின் இசை என்று நாங்கள் மேடையில் பேசியது உண்மைதான், அவர் சொன்னதும் உண்மை. மற்ற மூவருக்கும் பறை, அவருக்கு மட்டும் கைதட்டு என்று வைத்துக்கொண்டோம். கைதட்டுக்கு நன்றாகவே நடக்கிறார்.

இப்போது எங்களுக்குத் தேவை இவை. சான்றிதழ் மனு எழுதவும் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூட வரவும் சட்டக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலிகள் நான்கு, பிளாஸ்டிக் வேண்டாம், சரிகிறது. உங்கள் தெருவில் குடிகாரர் என்று பெயர் வாங்கியவர்களில் யாருக்காவது சும்மா வைத்திருக்கும்போது கை நடுங்கி, எதையாவது எடுக்கும்போது நடுக்கம் குறைகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்தால் டீ உண்டு. மாத்திரை நேரம் எட்டு, அதற்கு முன் யாரையும் நடக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.