'அந்தக் காலம் அப்படி'ன்னு மட்டும் சொல்லாதீங்க சாமிகளா!

போன வாரம் நண்பர் ஒருத்தரோட பெரிய சண்டை. காரணம், 1964-ல் கிரீஸில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

படம் பேரு 'தெஸ்பினிஸ் தியெஃப்திந்திஸ்', அதாவது 'மிஸ் டைரக்டர்'. ஜென்னி கரேஸி ஒரு கம்பெனியின் தலைமை நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஆம்பளைங்களை வேலை வாங்குகிறார். ஆனா, கீழே வேலை பார்க்கும் அலெகோஸ் அலெக்ஸாந்த்ராகிஸ் மேல காதல் வந்ததுதான் தாமதம், அம்மணிக்குப் 'பெண்மை' பத்தலைன்னு டியூஷன் ஆரம்பிச்சுடுது. எனக்குச் சிரிப்பு வரலைங்க. எங்க டீம் லீட் ஒரு பெண். போன அப்ரைசலில் அவங்களுக்கு 'இன்னும் கொஞ்சம் சாஃப்டா பேசலாம்'னு எழுதியிருந்தாங்க. அவங்களை விட ரெண்டு மடங்கு கத்துற பக்கத்து டீம் ஆளுக்கு அதே குணத்துக்குப் பேரு லீடர்ஷிப்!

நண்பர் சொன்ன பதில் ஒரே வரி: "அந்தக் காலம் அப்படி மச்சி, இன்னிக்கு அளவுகோலை அதுல வைக்காத."

அப்படியா? 1959-ல் சகெலாரியோஸ் எடுத்த படத்துக்குத் தலைப்பே 'அடி சொர்க்கத்திலிருந்து வந்தது' என்ற பழமொழி. வாத்தியார் பபமிகாயில் மாணவி அலிகியைக் கன்னத்தில் அறைகிறார், அப்புறம் காதல். சரி, காலம் அப்படின்னே வச்சுக்குவோம். ஆனா அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1955-ல், ககோயான்னிஸ் 'ஸ்டெல்லா' எடுத்துட்டாரே? கல்யாணம் வேணாம்னு சொல்லும் பாடகியா மெலினா மெர்கூரி. அதுக்காகவே அவள் கொல்லப்படுகிறாள், படம் அவள் பக்கம் நிற்கிறது. 'அது சோகப்படம், காமெடியில காட்டு'ன்னு கேப்பீங்க. 1965-ல் த்ஸவெல்லாஸ் எடுத்தது காமெடிதான். தலைப்பு, கிரேக்கக் கல்யாணத்தில் வாசிக்கும் பைபிள் வசனம்: 'மனைவி கணவனுக்கு அஞ்சக்கடவள்'. வருஷக்கணக்கா தாலி கட்டாத குறையா சேர்ந்து வாழ்ந்து, அவனுக்கு வேலைக்காரி மாதிரி உழைச்சவள், கல்யாணம் ஆன பிறகு நிமிர்ந்து நின்னு கேள்வி கேட்கிறாள். அதே காலம், அதே ஊர். ஆக, காலத்தின் மேல பழி போட முடியாது. எடுத்தவங்க எடுத்த முடிவு அது. (குடும்பத் தலைவன் கணவன்தான் என்ற சட்டத்தையும் வரதட்சணையையும் கிரீஸ் ஒழித்தது 1983-ல்தான். படங்கள் யாருக்குத் துணை போச்சுன்னு யோசிச்சுக்குங்க.)

இன்னொண்ணு. இந்தக் காதல் காமெடிகளில் வித்தியாசம்னா பணக்காரப் பொண்ணு, ஏழைப் பையன், அவ்வளவுதான். 1922-க்குப் பிறகு ஆசியா மைனரிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல அகதிகள் வந்து இறங்கின நாடு. திரேஸில் முஸ்லிம்கள் இருந்தாங்க. 1943-ல் தெசலோனிகியின் யூதர்களை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேத்தினாங்க. நான் பார்த்த காமெடிகளில் இவங்க யாருக்கும் காதல் வரலை, ஒரு டூயட் கிடையாது. கிராமத்தான்னா ஹட்ஸிக்ரிஸ்டோஸ் மாதிரி வெகுளியா வந்து சிரிப்பு மூட்டணும். பெண் சாயல் உள்ள ஆண்னா ஸ்டாவ்ரோஸ் பராவாஸின் 'ஃபிஃபிஸ்' மாதிரி கேலிப்பொருள்.

அதுக்காக எல்லாத்தையும் குப்பையில போடுன்னு சொல்றவனும் நான் இல்லை. 'சிகாகோ அத்தை' (1957) பாருங்க. அழகில்லாத கிழவின்னு சொல்லியே எழுதப்பட்ட ஜார்ஜியா வசிலியாது, அமெரிக்காவிலிருந்து வந்து கூடப் பிறந்தவரின் கறார் ராணுவ வீட்டையே தலைகீழாக்குது. மூஞ்சியை வச்சு ஜோக் அடிச்சவங்க எல்லாரையும் அந்தம்மா ஒரே பார்வையில ஓரம் கட்டிடும். கதாநாயகி யாருன்னு எனக்கு ஞாபகமே இல்லை :-)

நண்பர் இன்னும் பேசலை. இந்தப் படத்தோட டிவிடியும் அவர்கிட்டதான் இருக்கு.