ஆங்கில வாசிப்பு: கணினி விளையாட்டு கைகொடுக்குமா?

தமிழ்ப்பள்ளி மாணவர்களின் ஆங்கிலத் தேர்ச்சி பற்றிப் பேச்செடுத்தால், அது தமிழுக்குரிய நேரத்தில்தான் வந்து முட்டுகிறது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வகைசெய்யும் டிஎல்பி எனும் இருமொழித் திட்டம் 2016-இல் அறிமுகமானபோது, நம் சமூகத்திலும் அது குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும், தமிழும் குறையக்கூடாது. இரண்டுமே நியாயமான கவலைகள்.

வாசிப்புத் திறன் பொதுவாகவே சரிந்து வருகிறது என்பது இன்னொரு கவலை. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் அனைத்துலக பிசா மதிப்பீட்டில், மலேசியாவின் வாசிப்புப் புள்ளி 2018-இல் 415. அது 2022-இல் 388-க்கு இறங்கியது.

பள்ளி நேரத்தைத் தொடாமல், பிள்ளைகள் விளையாட்டில் செலவிடும் நேரத்தையே ஆங்கில வாசிப்புக்குத் திருப்ப முடியுமா? ஓரளவு முடியும். ஆனால், எல்லா விளையாட்டும் அதற்கு உதவாது.

உதவக்கூடியவை 'ஆர்பிஜி' எனப்படும் கதாபாத்திர விளையாட்டுகள். பிள்ளை ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து, எதிர்ப்படுவோரிடம் பேசி, முடிவெடுத்து முன்னேற வேண்டும். 2015-இல் வெளிவந்த 'அண்டர்டேல்' நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதென வகைப்படுத்தப்பட்ட இதில், உரையாடல்கள் பெரும்பாலும் எழுத்தாகவே வருகின்றன. எதிரியைத் தாக்காமல் பேசியே சமாதானப்படுத்தலாம். அதற்குத் திரையில் உள்ளதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாத சொல்லுக்குப் படமும் நிகழ்வும் துணை நிற்கின்றன.

புதிய விளையாட்டு என்பதால் மட்டும் கூடுதல் பயன் கிடைத்துவிடாது. 2002-இல் வந்த 'மோரோவிண்ட்' விளையாட்டில், போகவேண்டிய வழியைக்கூட உரையாடலைப் படித்தே கண்டுபிடிக்க வேண்டும். அதே வரிசையில் 2006-இல் வந்த 'ஒப்லிவியன்', வசனங்களைக் குரலில் ஒலிக்கவிட்டது. செல்லுமிடத்தைத் திசைகாட்டியில் குறியிட்டும் காட்டியது. விளையாடுவது எளிதானது, வாசிக்க வேண்டிய தேவை குறைந்தது. இவ்விரண்டும் சிறுவர்களுக்கானவை அல்ல. ஆனால், பெற்றோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதில் தெளிவாகத் தெரிகிறது: எழுத்தைப் படிக்காமலேயே முன்னேற முடிந்தால், அந்த விளையாட்டு வாசிப்பை வளர்க்காது.

குறைகளும் உண்டு. விளையாட்டில் வருபவை பெரும்பாலும் துண்டு வாக்கியங்கள். நீண்ட பத்தியைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கத்தை அவை தந்துவிடாது. படிக்காமல் பொத்தானைத் தட்டிக்கொண்டே போகும் பிள்ளைகளும் உண்டு.

அங்கேதான் பெரியவர்களின் பங்கு தேவைப்படுகிறது. அரை மணி நேர விளையாட்டுக்குப் பின், "அவன் உன்கிட்ட என்ன சொன்னான்? நீ ஏன் அப்படிப் பதில் சொன்ன?" என்று தமிழிலேயே கேட்கலாம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லும்போது, பிள்ளைக்கு எவ்வளவு புரிந்தது என்பது தெரிந்துவிடும். கற்ற புதுச்சொற்கள் ஐந்தை எழுதச் சொல்லலாம். அடுத்து அதேபோன்ற கதைப்புத்தகம் ஒன்றைக் கையில் கொடுக்கலாம்.

எல்லா வீட்டிலும் கணினி இல்லை. ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளிக் கணினி அறையில், பாட நேரத்துக்குப் பின் வாரம் ஒருமுறை இதைச் சோதித்துப் பார்க்கலாம். அந்நியரோடு உரையாடும் வசதியும் உள்ளே பணம் கட்டும் தேவையும் இல்லாத விளையாட்டுகளை ஆசிரியர்களே தேர்ந்தெடுப்பது நல்லது. தமிழ் நேரத்தில் கைவைக்காமல் ஆங்கில வாசிப்பைக் கூட்ட விரும்பும் பள்ளிகளுக்கு இது அதிகச் செலவில்லாத முயற்சி.