வீட்டுக்கு வீடு: மலை மேலே எந்த டவர் எடுக்கும்?



கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தங்கை கடிதம் போட்டிருக்கிறாள். இந்தக் காலத்தில் போய்த் தபாலில் கடிதமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பிரித்தேன். விஷயமே அதுதானாம்!

"அக்கா, எனக்கு இது ஏழாவது மாசம். வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு பெங்களூரு போயிருக்கார். வீட்ல நானும் மாமியாரும்தான். வீட்டுக்குள்ள டவர் எடுக்காது. கூரை ஓரத்துல ஒரு துணிப்பையைக் கட்டி, அதுக்குள்ள போனைப் போட்டு வெச்சிருக்கோம். மணி அடிச்சா ஓடி வரணும். கையில எடுத்தா கட் ஆயிடும். ராத்திரியில வலி எடுத்தா எப்படிப் போன் பண்றதுன்னு நெனச்சாலே பயமா இருக்கு. எந்தக் கம்பெனி சிம் வாங்கினா நல்லது, நீங்களே சொல்லுங்க."

ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். முடியவில்லை. எந்தக் கம்பெனி என்று நான் பெயர் சொன்னால், அது என் வீட்டு வாசலில் எடுக்கிற கம்பெனியாக இருக்கும். அவள் வீட்டு வாசலில் எடுக்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நின்று பார்த்தால் எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். பஸ் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறட்டும், அப்போது தெரியும் சங்கதி. ஒரு வளைவில் கோடுகள் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. பக்கத்து சீட்டுக்காரி பேசிக்கொண்டே வருவாள், நம் போன் செத்துக் கிடக்கும்.

காரணம் ஒன்றும் மாயமில்லை. டவரிலிருந்து வரும் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. நடுவில் ஒரு குன்று நின்றால் அதன் பின்பக்கம் நிழல் விழுந்த மாதிரி ஆகிவிடும். கல்வராயன் மலையோ சுமார் 2000, 3000 அடி உயரத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற பூமி. மேட்டு வீட்டில் எடுப்பது பள்ளத்து வீட்டில் எடுக்காது. இதோடு இன்னொன்றும் உண்டு. தேர்த் திருவிழா நடக்கிற ஊரை நெருங்கும்போது முதலில் காதில் விழுவது எது? தவிலின் கனத்த சத்தம்தானே! சலங்கைச் சத்தம் பக்கத்தில் போனால்தான் கேட்கும். அலைகளும் அப்படித்தான். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் என்கிற தாழ்ந்த அலைவரிசைகள் வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2300, 3500 என்று மேலே போகப் போக வேகம் அதிகம், ஆனால் தூரம் குறைவு. ஆகவே பட்டணத்தில் பறக்கிற 5ஜி விளம்பரத்தைப் பார்த்து மலைவீட்டுக்கு சிம் வாங்காதீர்கள்.

போனில் தெரிகிற கோடுகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு காட்டுவது என்று தீர்மானிப்பது போனைச் செய்தவர்கள். உங்கள் போனில் மூன்று கோடு, நாத்தனார் போனில் இரண்டு கோடு என்றால் உங்கள் கம்பெனிதான் ஒசத்தி என்று அர்த்தமில்லை. நிஜக் கணக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான டச் போன்களில் செட்டிங்ஸ், அதில் 'போனைப் பற்றி', அதில் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரென்த் என்று ஒரு எண் காட்டும். முன்னால் கழித்தல் குறி இருக்கும். கடன் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கடன் குறைவாக இருந்தால் நல்லது. 4ஜியில் -90 என்றால் சௌகரியமாகப் பேசலாம். -110 என்றால் இழுபறி. -120 பக்கம் போனால் பேச்சு பாதியில் நிற்கும்.

புது சிம் வாங்காமலே உங்கள் வாசலில் யார் யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'தானாகத் தேர்வு செய்' என்பதை நிறுத்துங்கள். போன் சுற்றி உள்ள கம்பெனிகளைத் தேடும். இரண்டு மூன்று நிமிஷம் ஆகும், அவசரப்படாதீர்கள். அப்புறம் அந்த இடத்தில் எட்டுகிற கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக வரும். பி.எஸ்.என்.எல். மட்டும் வந்தால் அதுதான் உங்களுக்குத் தெய்வம். இரண்டு பெயர் வந்தால் அதிர்ஷ்டம். பார்த்து முடித்ததும் மறுபடி 'தானாக' என்பதற்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால் உள்ள டவரும் போய்விடும்! அடுப்படி, வாசல், மாட்டுக் கொட்டகை, கிணற்றடி என்று நாலு இடத்தில் நின்று பாருங்கள். கம்பெனிகள் எங்கெங்கே தங்கள் டவர் எடுக்கும் என்று இணையத்தில் வரைபடம் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2024-ல் விதி செய்திருக்கிறது. அதையும் பார்க்கலாம். ஆனால் வரைபடத்துக்கு உங்கள் தகரக் கூரை தெரியாது. தகரமும் இரும்பும் அலையைத் தடுக்கும். எவர்சில்வர் சொம்புக்குள் போனை வைத்தால் டவர் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். யாரோ விற்கிற 'பூஸ்டர்' பெட்டியும் வேண்டாம். அனுமதி இல்லாமல் வைத்தால் சட்டப்படி குற்றம், ஊருக்கே டவர் கெடும்.

இப்போது அந்தத் தங்கையின் ராத்திரிப் பயத்துக்கு வருகிறேன். உங்கள் போனில் எப்போதாவது 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று எழுத்து வந்திருக்கிறதா? டவர் இல்லை என்று நினைத்து நாம் போனை வைத்துவிடுகிறோம். அது தப்பு! உங்கள் கம்பெனி டவர் அங்கே இல்லை, ஆனால் வேறு ஒரு கம்பெனியின் டவர் எட்டுகிறது என்று போன் சொல்கிறது. அந்த நேரத்தில் 112 என்று அழுத்தினால், போன் அந்த வேறு கம்பெனியின் டவரையே பிடித்துக்கொண்டு அழைப்பை அனுப்பப் பார்க்கும். நமக்கெல்லாம் 108 தான் வாயில் வரும். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிற சேவை அல்லவா? டவர் நன்றாக இருக்கும்போது 108-ஏ போதும். ஆனால் இந்த எழுத்து வந்திருக்கும்போது, எல்லாப் போன்களும் அவசர எண் என்று அறிந்துவைத்திருக்கிற 112-ஐ முதலில் போடுங்கள். எடுத்தவுடன், "பிரசவ வலி, ஆம்புலன்ஸ் வேணும்" என்று சொல்லிவிட்டு, ஊர்ப் பெயர், பக்கத்துப் பெரிய ஊர், வண்டி வரக்கூடிய இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பாதியில் கட் ஆனாலும் முக்கியமானது போய்ச் சேர்ந்திருக்கும். மாமியாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வலி வந்தவளா போன் பேச முடியும்? (பரீட்சை பார்க்கிறேன் என்று சும்மா போட்டுப் பார்க்காதீர்கள், நிஜமாகத் தவிக்கிறவர்களுக்கு லைன் கிடைக்காது.) 'சேவை இல்லை' என்றே வந்தால் எந்தக் கம்பெனியும் எட்டவில்லை என்று பொருள். அப்போது மேட்டுக்குத்தான் ஓட வேண்டும். அந்த மேடு எது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். டார்ச் லைட்டும் ஒரு துணையும் யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும்.

மாமியாரின் பட்டன் போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பட்டன் போன் 2ஜியில் பேசும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 4ஜி, 5ஜி மட்டும்தான். ஆகவே டவர் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தாலும் பழைய போனுக்கு அது இல்லாத மாதிரிதான். 4ஜி பட்டன் போன்கள் வந்திருக்கின்றன, அதுதான் வாங்க வேண்டும். நெட் வேண்டாத இந்த மாதிரிப் போன்களுக்கு, பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

வேகம் வேகம் என்கிறார்களே, அது எவ்வளவு வேண்டும்? பேசுவதற்கு மிகக் கொஞ்சம் போதும். நெட்டுக்கு நம் நாட்டில் 2 எம்.பி.பி.எஸ். வேகம் இருந்தால்தான் அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். (டாக்டர் படிப்பு இல்லை, வேகத்தின் அளவு!) அந்த அளவு நிலையாக வந்தாலே, அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரை முகம் பார்த்துப் பேசலாம். ஒரு தடவை 40 காட்டி அடுத்த நிமிஷம் பூஜ்யத்துக்குப் போகிற நெட்டைவிட, எப்போதும் 3 காட்டுகிற நெட் மேல். காலை ஆறு மணிக்கும் ராத்திரி எட்டரை மணிக்கும் சோதித்துப் பாருங்கள். ராத்திரி ஊரே ஒரு டவரைப் பிடித்துக்கொண்டு சினிமா பார்க்கும், அப்போது வருவதுதான் நிஜ வேகம். மழை நாளிலும் பாருங்கள். கரண்ட் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் கரண்டோ டீசலோ வராவிட்டால் அதுவும் அணைந்துவிடும். மலையில் இந்தத் தொந்தரவுதான் பெரிது. இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தாலும், இரண்டு பேரும் ஒரே கம்பத்தில் கருவி மாட்டியிருந்தால் ஒன்றாகவே போய்விடும். ஆனாலும் ஒரு வீட்டில் இரண்டு கம்பெனி இருப்பதே நல்லது. கணவர், மனைவி, மாமியார் மூன்று பேரும் ஒரே கம்பெனி வேண்டாம்.

டவர் எடுக்கவில்லை என்ற கோபத்தில் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ஆதார், பாங்குக் கணக்கு, கர்ப்பிணிப் பதிவு, மகளிர் உரிமைத் தொகை வந்த செய்தி எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகிறது. பணம் போட்டுத் தொடாமல் 90 நாள் விட்டால் நம்பர் கைவிட்டுப் போய், நாளைக்கு வேறு யாருக்கோ கொடுத்துவிடக்கூடும். நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மட்டும் மாற்றலாம். PORT என்பதன் ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நாலு நாள்தான் செல்லும், அதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். இப்போதுள்ள கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். மாறுகிற சமயம் சில மணி நேரம் போன் வேலை செய்யாது. ஆகையால் தங்கையே, மாற்றுவதானால் இந்த மாதமே மாற்று. ஒன்பதாம் மாதத்தில் அந்த வேலை வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் உள்ள டவரை வைத்துக்கொண்டு சமாளிப்பது. டவரே இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது? டவர் இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுக்க 24,680 கிராமங்கள், வேலை பி.எஸ்.என்.எல். கையில். அரசுப் பணத்தில் வைத்த டவர்களை பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் மூன்றின் வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் வந்தது. உங்கள் ஊர் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது நாம்தான். "டவர் சரியில்லைங்க" என்று வாயால் சொன்னால் ஒருவரும் எழுதிக்கொள்ளமாட்டார்கள். சுய உதவிக் குழுவில் நாலு பெண்கள் சேர்ந்து, எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்தக் கம்பெனி, என்ன எண் காட்டியது என்று ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள். அந்தத் தாளோடு கம்பெனியின் 198-ல் புகார் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கலெக்டரைப் பார்க்க விழுப்புரம் ஓட வேண்டியிருந்த காலம் 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதோடு போயிற்று, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமே.

தங்கையே, கடைசியாக உனக்கு. போன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பிரசவ தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே கீழே இறங்கிவிடு. மலைப்பகுதிக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கென்று அரசு பிரசவ காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறது. உனக்குப் பக்கத்தில் எது என்று உங்கள் நர்ஸம்மாவைக் கேள். இல்லாவிட்டால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா பார். அதற்கு முன்பே ரத்தம் பட்டாலோ, தண்ணீர் போனாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. நர்ஸம்மா நம்பர், வண்டிக்காரர் நம்பர், மேட்டு வீட்டுக்காரர் நம்பர் மூன்றையும் சுவரில் கரியால் எழுதி வை. போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் சுவரில் இருக்கும். டவர் குறைவான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். பொழுது சாய்வதற்குள் முழுச் சார்ஜ் போட்டு வை.

வாசலில் நின்று தேடிப் பார்த்து எந்தெந்தக் கம்பெனி பெயர் வந்தது என்று எனக்கு எழுது. குழந்தை பிறந்ததும் அதையும் எழுது. பெண்ணா, பிள்ளையா, எத்தனை கிலோ என்று அடுத்தடுத்த இதழில் எல்லோருக்கும் சொல்கிறேன்.