பல்லும் சொல்லும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

கோவையில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. காந்திபுரம் நூறடி ரோட்டில் நடந்தால் பல் படம் வரைந்த பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆயினும் அன்னூர்ப் பக்கத்துக் கிராமவாசி ஒருவர் அந்தப் படியேறுவது எப்போது? மாதக்கணக்கில் கிராம்பைக் கடித்துப் பார்த்து, இனித் தாங்காது என்ற நிலையில், "புடுங்கி உட்டுருங்க சாமி" என்று சொல்வதற்குத்தான். காசு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்காத அரசு மருத்துவமனைக்கும் நம்மவர்கள் கடைசி நாளில்தானே போகிறார்கள்? பெரிய காரணம் அச்சம் என்பேன். அந்த அச்சத்தை மருத்துவர் கேட்டறிவதில்லை என்பது என் வாதம்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்பதைக் கேளாதவர் நம்மில் யார்? என் அம்மாயி இதை நம்பியே சொத்தைப் பல்லோடு பல ஆண்டு காலம் தள்ளினார். மூளை நரம்புகள் 12 இணை என்று நாம் படிக்கிறோம். பார்வை நரம்பு இரண்டாவது. பல்வலியை மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாவது. இரண்டும் வேறு வேறு பாதை. பல் விழும் வயதும் கண்புரை வரும் வயதும் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஊரார் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சிரித்துவிட்டாலோ, அந்த அம்மாள் மறுபடி வரமாட்டார்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்பது இன்னொன்று. ஈறையும் எலும்பையும் கெடுத்ததே அந்தக் காரைதான். ஏற்கெனவே தளர்ந்த பல்லை அது சிமெண்டுபோல் பிடித்து நிற்கும். எடுத்த பிறகே ஆட்டம் தெரியவரும். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அவர் ஈறை அவருக்கே காட்டி, இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முன்னால் சொன்னால் விளக்கம்; பின்னால் சொன்னால் சமாளிப்பு!

என்னை மிகவும் வருத்திய செய்தி வேறு. எங்கள் வகுப்பில் தருமபுரி மாவட்டத்து நண்பர் ஒருவர் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். அவர் ஊர் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராமே தக்க அளவு, வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை குடிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தால், ஈறுக்குள் எனாமல் உருவாகும்போதே கறை விழுந்துவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது. நல்ல நீர் வந்தாலும் முளைத்த பல் மாறாது. இவரிடம் ஒரு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பல்லே விளக்க மாட்டியா?" செங்கல் பொடி, சாம்பல், உப்பு என்று தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணாகிப் போனவரிடம்! "எந்த ஊருங்க தம்பி? சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு என்ன?

புகையிலைக்கும் இதுவே. "விடாவிட்டால் புற்றுநோய்" என்று பொட்டலத்தின் மேலேயே படம் போட்டிருக்கிறது. பல்வலி தெரியாமலிருக்கவே புகையிலையை அடக்கத் தொடங்கியவர்கள் நம் தோட்டங்களில் பலர். எதற்காகப் போடுகிறார் என்று கேட்டால், வலியைத் தீர்த்து அந்தக் காரணத்தை அகற்றலாம். குடிநோயாளிகளிடம் இப்படி அவர் காரணத்தை அவர் வாயாலேயே பேசவைக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதினார். நம்மூரில் பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்களுக்கு இது புதிதாயிராது.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். உண்மையே. ஆகவே நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பல் மருத்துவரை அழைக்கும்போது, நாம் நாற்காலி போடுவதோடு நிற்க வேண்டாம். வரிசையில் இருப்பவரிடம் "எதுக்குங்க பயப்படறீங்க?" என்று கேட்டு, அவர் சொன்னபடியே சீட்டின் மேல் ஒரு வரி எழுதி உள்ளே அனுப்புவோம். அடுத்த முகாமிலேயே தொடங்கலாம். பேராசிரியர்கள் இசைவு தர வேண்டுகிறேன்.