வாயை மட்டும் அசைத்தால் போதுமா?

நேயர் அழைப்பு நேரத்தில் எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. பிடித்த பாடலைக் கேட்டு அழைப்பவரிடம், "ரெண்டு வரி பாடுங்களேன்" என்பேன். "ஐயோ, எனக்குப் பாடவே வராதுங்க, ரேடியோ உடைஞ்சிரும்" என்று சிரிப்பார்கள். அப்படி யார் சொன்னது என்று பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால், சிலருக்கு ஒரு பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. அப்போது ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும். பள்ளி விழாவுக்குப் பாட்டுப் பயிற்சி. "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருப்பார்.

அந்த ஆசிரியருக்கு அது அன்றைய அவசரம். பிள்ளைக்கோ அது நாற்பது வயதிலும் மறக்காத தீர்ப்பு. வீட்டில் பிறந்தநாள் பாட்டுக்குக்கூடக் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தாலாட்டுப் பாட வெட்கப்பட்டு, குழந்தையின் பக்கத்தில் கைப்பேசியைப் பாட விடும் அம்மாக்களும் இருக்கிறார்கள்.

என் அண்ணி பேராக்கில் ஒரு கொன்வென்ட் தொடக்கப்பள்ளியில் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கிறார். பல வருட அனுபவம். "வாயை மட்டும் அசை" என்று எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை என்பார். அது எப்படி முடிகிறது என்று பார்க்க, ஒருநாள் அனுமதி பெற்று அவர் வகுப்பின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

முப்பது பிள்ளைகள், அரை மணி நேரம். பியானோ மூடியே கிடந்தது. வருகைப் பதிவையே அண்ணி பாட்டாக்கிவிட்டார். "க-வி-தா" என்று இரண்டே சுரங்களில் மேலிருந்து கீழே இறங்குகிறார். அதே சுரங்களில் "ஹா-டிர்" என்று பதில் வருகிறது. அடுத்து மெய் லின், அதற்கடுத்து சித்தி. வாசலில் நின்று தோழியை இழுத்துக் கூப்பிடுவோமே, கிட்டத்தட்ட அதே இறக்கம். மேற்கத்திய முறையில் இதை 'சோ-மி' என்பார்கள். நம் கணக்கில் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு வருவது. சிறு பிள்ளைகளுக்கு எளிதில் வசப்படும் இடைவெளி இது என்பதால், ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாயின் வழியில் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பிறகு கைச்சைகை. 'டோ' என்றால் இடுப்பருகே மூடிய கை. 'மி' என்றால் கிடையாக நீட்டிய உள்ளங்கை. சுரம் ஏற ஏறக் கையும் ஏறுகிறது. காதுக்குப் பிடிபடாத உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, உடம்புக்கும் புரிகிறது. இந்தச் சைகைகளை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரப்பியவர் ஜான் கர்வன் என்ற பாதிரியார். நாரிச் நகரில் சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்பித்த சாரா குளோவர் அம்மையாரின் முறையை ஒட்டி அவர் வளர்த்தது அது.

'டோ ரே மி'யின் வேர் இன்னும் பழையது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த துறவி, அரெஸ்ஸோ நகரின் குயிதோ. தேவாலயத்தில் பாடும் சிறுவர்கள் ஒவ்வொரு பாடலையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து, பல ஆண்டுகள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. புனித யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் பாடலில் ஒவ்வோர் அடியும் முந்திய அடியைவிட ஒரு சுரம் மேலே தொடங்குவதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அந்த அடிகளின் முதல் அசைகளே ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. ஊத் பின்னாளில் டோ ஆனது. கேட்டிராத பாட்டையும் பார்த்தே பாட ஒரு சிறுவனுக்கு வழி பிறந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டு வகுப்பில் முதலில் பாடும் சரளி வரிசைக்கும் இதே நோக்கம்தான். புரந்தரதாசர் 16ஆம் நூற்றாண்டில் வகுத்ததாக நாம் போற்றும் அந்தப் பாடமுறையும் படிப்படியாக ஏறி இறங்கச் சொல்லிக்கொடுக்கிறது. "பிறவிப் பாடகர் மட்டும் வரலாம்" என்று அது எங்கும் சொல்லவில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளில் பாட்டுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று அண்ணியிடம் கேட்டேன். பினாங்கில் 1852ஆம் ஆண்டிலேயே கன்னியர்கள் நடத்திய கொன்வென்டும் லசால் சகோதரர்களின் புனித சேவியர் பள்ளியும் தொடங்கிவிட்டன. திருப்பலியில் பாட்டு என்பது வழிபாட்டின் ஒரு பகுதி. 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு, கூடியிருக்கும் மக்களும் சேர்ந்து பாட வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் பிறகு வழிபாட்டில் மக்களின் சொந்த மொழிகளும் இடம்பெற்றன.

"ஊரே பாடணும்னா, குரல் நல்லா இருக்கற பத்துப் பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தா ஆகுமா?" என்றார் அண்ணி. இன்று அவர் வகுப்பில் பல மதப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பில் எல்லாருக்கும் பொதுவான பாடல்கள்தான். ஞானப்பாடல் பயிற்சி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகு. ஆனால் எல்லாரும் பாட வேண்டும் என்ற பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஜஸ்டின் வார்டு என்ற பெண்மணி இதை ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கினார். 1910களில் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளுக்கென்று அவர் உருவாக்கியதுதான் வார்டு முறை. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் சுருதியோடு பாட வைக்க முடியும் என்பது அவர் நம்பிக்கை. தினமும் கொஞ்ச நேரம், வகுப்பு ஆசிரியரே கற்பிக்கும்படி பாடங்களை அமைத்தார்.

சரி, சுருதியே சேராத பிள்ளையை என்ன செய்வது? அன்று அந்த வகுப்பிலும் ஒரு சிறுமி இருந்தாள். எல்லாரும் மேலே போக, அவள் மட்டும் கீழே ஒரே இடத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தாள். அண்ணி அவளைப் பின்வரிசைக்கு அனுப்பவில்லை. முன்னால் வரவைத்து, நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிறுத்தினார். "நீ ஒரு சத்தம் கொடு, நான் உன்னைப் பிடிக்கறேன்" என்றார். அவள் எந்தச் சுரத்தில் நின்றாளோ அங்கே இவர் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். இருவர் குரலும் ஒன்றானதும் அந்தச் சிறுமியின் முகத்தில் ஒரு வியப்பு. பிறகு ஆந்தைபோல் "ஊ" என்று கீழிருந்து மேலே வழுக்கி ஏறும் விளையாட்டு. அன்றைக்கு அவளால் ஒரு சுரம்தான் மேலே வர முடிந்தது. அது போதும் என்று அண்ணி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

"சுருதி பேதத்தையே உணர முடியாதவங்க ரொம்பக் குறைவும்மா. மத்தவங்களுக்குக் குரலை எப்படி மேல கொண்டுபோறதுன்னு இன்னும் தெரியல, அவ்வளவுதான். பேசுற குரல்லயே பாடப் பார்க்கறாங்க. அது பழக்கம், பழக்கினா மாறும்" என்றார்.

போட்டி வந்தால்? நான் கேட்டதும் அண்ணி உடனே பதில் சொல்லவில்லை. பள்ளிக்குப் பரிசு வேண்டும், பெற்றோருக்குப் பெருமை வேண்டும். "போட்டிக்குத் தேர்வு வெச்சுத்தான் ஆகணும். ஓட்டப்பந்தயத்துக்கும் அப்படித்தானே அனுப்பறோம்? ஆனா ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்வாகலைன்னு ஒரு பிள்ளையைத் திடல்ல நடக்கவே கூடாதுன்னு சொல்வோமா?" என்றார். அவருடைய போட்டிக் குழுவில் இருப்பவர்கள் எல்லாருமே பாடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் வகுப்பில் பாடுவார்கள். பரிசு தவறிய ஆண்டுகளும் உண்டாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில. சினிமாப் பாட்டைப் பெரியவர்களின் சுருதியிலேயே பாட வைத்தால் பிள்ளை ஒன்று உறுமும், இல்லையேல் கத்தும். ஆறு, ஏழு வயதுக் குரலுக்கு வசதியான இடம் ஏறக்குறைய 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை, அதாவது கீபோர்டில் நடு 'சி'க்கு அடுத்த 'டி'யிலிருந்து மேலே 'ஏ' வரை. கரோக்கேயில் சுருதியை மாற்றும் பொத்தான் இருக்கிறது, பயன்படுத்துங்கள். அப்பா தாழ்ந்த குரலில் பாடிக்காட்டும்போது பிள்ளை குழம்பினால், அம்மாவோ அக்காவோ பாடிக்காட்டட்டும். நீளமான பாட்டு வேண்டாம், ஒரு வரி போதும். முதலில் கேட்கட்டும், பிறகு பாடட்டும்.

உறவினர் முன்னால் "பாடிக் காட்டு" என்று நிறுத்துவதையும் குறைத்துக்கொள்ளலாம். காரில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பிள்ளைகள் அங்கேதான் தாராளமாகப் பாடுகிறார்கள். நீங்களும் கூடப் பாடுங்கள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் சரி. அம்மா, அப்பா பாடாத வீட்டில் பாட்டு என்பது கைப்பேசிக்குள் இருக்கும் யாரோ செய்யும் வேலை என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

பள்ளி விழாவுக்கு உங்கள் பிள்ளை பயிற்சி செய்து வந்தால், "எந்த வரிசையில் நின்றாய்?" என்று கேட்பதோடு விடாதீர்கள். "பாடினாயா?" என்றும் கேளுங்கள். "டீச்சர் வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க" என்று பதில் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த நாள் பள்ளிக்குப் போய், "என் பிள்ளை மெதுவாகவாவது பாடட்டுமே, டீச்சர்" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். முப்பது குரலில் ஒரு குரல் கொஞ்சம் பிசகினால் விழா கெட்டுவிடாது.