ஏட்டி, அவன் யாரு?

“குத்தாலத்துல ரெண்டு பொம்பளப் பிள்ளைக கைகோத்து நடந்தா யாரும் தப்பாப் பாக்கிறதில்ல. கள்ளங்கபடம் இல்லாத அந்தச் சிநேகிதத்துக்கு ஒரு பேர் வச்சு, குறும்படம் எடுத்து, பிள்ளைகளைக் கெடுக்காங்க.” தென்காசிக் கூட்டத்தில் நீங்கள் பேசியது இது, அண்ணாச்சி. கைதட்டலும் விழுந்தது. அந்தப் படங்களில் ஒன்றையாவது பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, பார்க்க அவசியமில்லை என்றீர்கள்.

நீங்கள் சொல்லும் சிநேகிதம் எனக்குத் தெரியும். சாரல் காலத்தில் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் குளித்து வளர்ந்தவள் நான். என்னோடு படித்த ஒருத்தி, கூட வந்தவளின் தலையில் எண்ணெய் வைத்துவிடுவாள். தண்ணீர் அடிக்கிற அடியில் வழுக்காமல் இருக்க ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். மறு கை அவள் இடுப்பை. உண்மைதான், யாரும் தப்பாகப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் வருகிற வரைக்கும். அன்று அடுப்படியில் நின்று அழுதவளிடம் அம்மா கேட்டாள்: “ஏட்டி, அவன் யாரு?”

“எவனும் இல்லம்மா.”

அவள் பொய் சொல்லவில்லை. அம்மாவின் கேள்விக்குள் ‘அவன்’ மட்டும்தான் இருந்தான். மனசில் இருந்தவளைச் சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. எவனும் இல்லையென்றால் கல்யாணத்துக்குத் தடை ஏது? அந்த ஆவணியிலேயே தாலி ஏறியது. பேர் இல்லாத சிநேகிதம் அவளைக் காப்பாற்றவில்லை, அண்ணாச்சி. பேர் இல்லாததால்தான் அதை அத்தனை சுலபமாக அறுத்துப் போட்டார்கள்.

2025இல் வந்த ‘காதல் என்பது பொதுவுடமை’ படத்தில் மகள் தன் காதலைச் சொல்கிறாள், வீட்டுக்கு அழைத்து வா என்கிறாள் அம்மா, வந்து நிற்பது ஒரு பெண். அம்மாவாக நடித்த ரோகிணியின் முகம் அந்த இடத்தில் படுகிற பாட்டை எங்கள் தெரு அம்மாக்கள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். யாரையும் கெடுக்கிற காட்சி அல்ல அது. என் தோழியின் அடுப்படியில் கேட்கப்படாமல் போன கேள்வி அது.

நகரத்துப் பணக்காரர்களின் மோகம் என்றும் சொன்னீர்கள். தன்பாலினத் திருமண வழக்கில் ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதம்தான் இது. அதற்கு எந்தத் தரவும் இல்லையென்று தலைமை நீதிபதி சந்திரசூட் விசாரணையிலேயே சொன்னார். 1987இல் மாலை மாற்றிக்கொண்டு வேலையைப் பறிகொடுத்த மத்தியப் பிரதேசத்துப் பெண்கள் இருவரும் சாதாரணக் காவலர்கள். நீரஜ் கைவானின் ‘கீலி புச்சி’ குறும்படத்தில் (2021) கொங்கணா சென் சர்மா ஏற்றிருப்பது தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டும் தலித் பெண்ணின் வேடம். காதலை மட்டுமா, சாதியையும் சேர்த்து மறைத்து வாழ்கிறவள் அவள். இதில் எங்கே இருக்கிறது பணக்கார மோகம்?

குறை எனக்கும் உண்டு. இந்தப் படங்களில் பலவும் பெருநகர அடுக்குமாடியை விட்டு இறங்குவதில்லை; பல படங்கள் கடைசியில் அந்தப் பெண்ணைச் சாகடித்துவிடுகின்றன. மடியில் பீடித்தட்டோடு திண்ணையில் இருக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளை இன்னும் திரைக்கு வரவில்லை. அவளையும் எடுங்கள் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். எடுக்கவே கூடாது என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து தப்பிச் சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்தக் காதல் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவிட்டார். இப்படிக் காதலிப்பவர்களைக் ‘குணப்படுத்துகிறோம்’ என்று சொல்லும் மருத்துவத்துக்கும் தடை போட்டார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளவரே கற்றுக்கொண்டு பேசினார். நீங்கள் பத்து நிமிடப் படத்தைப் பார்க்கக்கூட மனம் வைக்காமல் பேசினீர்கள்.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பற்றி உங்களைப் போல் பேச ஆள் கிடையாது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எனக்குத் தமிழே பிடித்தது. வசந்தவல்லி யாரை நினைத்து உருகுகிறாள் என்று அவள் கையைப் பார்த்துச் சொல்கிறாள் குறத்தி சிங்கி. மனசுக்குள் இருந்த பேரை வாய்விட்டுச் சொன்னதற்காக அவளுக்கு நகை நகையாகப் பூட்டி அனுப்புகிறாள் வசந்தவல்லி. அந்த இடத்தில் உங்கள் குரல் தழுதழுக்கும், அண்ணாச்சி. நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.